ஒருக்களித்துப் படுப்பவருக்கு நீளத் தலையணை

ஒருக்களித்துப் படுக்கும்போது மேல்கால் முன்னால் சரிந்து இடுப்பையும் கீழ்முதுகையும் முறுக்கும். நாலரை அடி நீளத் தலையணையை அணைத்து, முழங்கால் முதல் கணுக்கால் வரை கால்களுக்கு இடையே வைத்தால் இந்த இழுப்பு குறையும். முழங்காலோடு நிறுத்தினால் பாதம் தொங்கும், பாதிப் பலன்தான். கர்ப்பிணிகள் 28 வாரத்துக்குப் பின் மல்லாந்து தூங்காமல் ஒருக்களித்தே படுப்பது நல்லது. அவர்களுக்கு முதுகுப் பக்கமும் ஒரு திண்டு உதவும்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கத்திரி வெயில் புழுக்கத்தில் ஃபோம் தலையணை உடம்போடு ஒட்டிச் சூடேற்றும். போடி பக்கத்திலிருந்து வரும் இலவம்பஞ்சே தேவலை. ஆனால் ஈரம் பட்டால் அது கட்டி தட்டிவிடும். துவைக்காமல் மொட்டைமாடி வெயிலில் புரட்டிப் போட்டுத் தட்டி எடுத்து, பருத்தி உறையை மட்டும் வாரம் ஒருமுறை துவைத்தால் போதும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை படுக்கும் இடத்தில் எந்தத் தலையணையும் கூடாது.