பட்டாளத்து முதுகுவலி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர்கள் பலர் நாற்பது வயதையொட்டி ஓய்வு பெறுகிறார்கள். ஊர் திரும்பியதும் செக்யூரிட்டி வேலை. நாளெல்லாம் நிற்க வேண்டும். மூட்டை சுமந்து நடந்த முதுகு அப்போதுதான் பேச ஆரம்பிக்கிறது.

நம்பிக்கை: ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருந்தால் ஆபரேஷன்தான்.

1994-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பாதிப்பேருக்கு மேல் டிஸ்க் பிதுங்கியிருந்தது. எனவே படத்தை மட்டும் வைத்துக் கத்தியைத் தேடாதீர்கள். ஆனால் கால் பலமிழந்தாலோ, மலம், சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது; உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

நம்பிக்கை: பெல்ட் போட்டு, எடை கட்டி இழுத்து, படுத்திருந்தால் சரியாகும்.

நாள்பட்ட முதுகுவலிக்கு இடுப்பு பெல்ட்டையும் டிராக்‌ஷனையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை. அது பரிந்துரைப்பவற்றில் உடற்பயிற்சியும் மசாஜும் உண்டு. நீண்ட படுக்கை தசையைத்தான் தளர்த்தும்.

நம்பிக்கை: வலி கடுமையானால் மாத்திரையும் கடுமையாக வேண்டும்.

அமெரிக்காவின் மினியாப்பொலிஸில் முன்னாள் படைவீரர் கிளினிக்குகளின் நோயாளிகள் 240 பேரை ஓராண்டு கவனித்தார்கள். முடிவு 2018-இல் வந்தது. முதுகு, இடுப்பு மூட்டு, முழங்கால் வலிக்கு ஓபியாய்டு எனும் கடும் வலி மாத்திரை எடுத்தவர்களின் அன்றாடச் செயல்பாடு, ஓபியாய்டு அல்லாத மருந்து எடுத்தவர்களைவிட மேம்படவில்லை. பக்கவிளைவுகள்தான் அதிகம்.

நம்பிக்கை: மனநல ஆலோசகரிடம் அனுப்பினால், வலி பொய் என்று அர்த்தம்.

நம் வீரர்களை அதிகம் வதைப்பது இதுதான். பல்லைக் கடித்துப் பொறுக்கப் பழகியவர்களுக்கு இது அவமானமாகப் படுகிறது. வலி மெய்தான். ஆனால் தூக்கம் கெட்டு, பயம் கூடி, குனியவே அஞ்சும்போது அதே வலி பெருக்கெடுக்கிறது. அந்தச் சுழலை உடைக்கத்தான் ஆலோசனை. அதே 2023 வழிகாட்டி இதையும் ஏற்கிறது.

நம்பிக்கை: பத்து நாள் யோகா செய்தும் பலனில்லை, விட்டுவிடலாம்.

அமெரிக்காவின் சான் டியாகோவில் 150 முன்னாள் வீரர்களிடம் யோகாவைச் சோதித்தார்கள். வாரம் இரு வகுப்பு, பன்னிரண்டு வாரம். அன்றாட வேலைகளில் வலி போட்ட முட்டுக்கட்டை, யோகா செய்யாதவர்களைவிட அப்போது பெரிதாகக் குறையவில்லை. ஆறாவது மாதத்தில்தான் யோகா செய்தவர்கள் முந்தினார்கள். எனவே முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு மட்டும் திரும்பாதீர்கள். பிசியோதெரபிக்கும் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். அதற்கும் ஆறு மாதமாவது அவகாசம் கொடுங்கள்.