கடற்கன்னியும் அவளைத் தீட்டிய கையும்

ஓர் ஓவியத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு, அதைத் தீட்டியவர் யார் என்றும் கேளுங்கள் என்று சித்திரப் பாட மாணவிகளுக்கு நான் சொல்வதுண்டு. விக்டோரியா மகாராணியார் காலத்தின் இறுதியில் இங்கிலாந்தில் தோன்றிய கடற்கன்னி ஓவியங்கள் இதற்கு நல்ல உதாரணமாகும்.

எட்வர்ட் பேர்ன்-ஜோன்ஸ் 1886ஆம் ஆண்டு ‘கடலின் ஆழம்’ என்னும் ஓவியத்தை லண்டன் றோயல் அக்கடமியில் காட்சிக்கு வைத்தார். அதில் கடற்கன்னி ஒருத்தி மாலுமியொருவனைக் கடலடிக்கு இழுத்துச் செல்கிறாள். அவன் உயிரற்றுக் கிடக்க, அவள் முகத்திலோ புன்னகை.

1891இல் ஜோன் வில்லியம் வோட்டர்ஹவுஸ் ‘யுலிசிஸும் சைரன்களும்’ என்ற ஓவியத்தைத் தீட்டினார். சைரன்கள் பாட்டினால் மாலுமிகளை மயக்கி அழிப்பவர்கள் என்பது கிரேக்கப் புராணம். மீன்வால் அவர்களுக்குப் பிற்காலத்தில் வந்தது. பண்டைய கிரேக்கச் சாடிகளில் அவர்களுக்குப் பெண் தலையும் பறவை உடலுமே உண்டு. வோட்டர்ஹவுஸ் அந்தப் பழைய வடிவத்தையே எடுத்துக்கொண்டார். பாய்மரத்தில் கட்டுண்ட யுலிசிஸை ஏழு சைரன்கள் சூழ்கின்றன. அவரே 1900இல் தீட்டிய கடற்கன்னி, கரையில் தனியே அமர்ந்து கூந்தலை வாருகிறாள். இவ்வோவியங்களில் பெண் ஒன்றில் ஆபத்து, இல்லையேல் அழகு.

இதே காலத்தில் ஒரு பெண்ணும் கடற்கன்னியரைத் தீட்டினார். அவர் ஸ்லேட் சித்திரக் கல்லூரியில் பயின்ற எவலின் டி மோர்கன். 1885-86இல் அவர் வரைந்த ‘கடற்கன்னியர்’ ஓவியத்துக்கு அடிப்படை, ஹான்ஸ் அன்டர்சன் 1837இல் வெளியிட்ட ‘சின்னக் கடற்கன்னி’ கதை. தங்கையின் உயிரைக் காக்கத் தம் கூந்தலையே சூனியக்காரியிடம் கொடுத்த மூத்த சகோதரிகள் ஐவரும் கடலில் ஒன்றாக நெருங்கி நிற்கின்றனர். அங்கே மாலுமியும் இல்லை, மயக்கும் பாட்டும் இல்லை. தங்கையை எண்ணிக் கவலையுறும் சகோதரிகளே இருக்கின்றனர்.

திருமணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கும் உரிமையை இங்கிலாந்து 1882இல்தான் சட்டமாக்கியது. 1768இல் றோயல் அக்கடமியைத் தொடங்கியவர்களுள் இரு பெண்கள் இருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஒரு பெண்ணேனும் அதன் அங்கத்தவராகத் தெரிவாகவில்லை. இந்தப் பின்னணியில் டி மோர்கனின் தூரிகையை வைத்துப் பார்த்தால் அதன் பெறுமதி விளங்கும்.

ஆண்கள் தீட்டியவை யாவும் பிழை என்று நான் கூறவரவில்லை. அவற்றின் வண்ணமும் நுட்பமும் கற்கத்தக்கவை. ஆயினும் பெண்ணைப் பற்றிய கதையைப் பெண்ணும் சொல்லும்போதுதான் அது முழுமை பெறுகிறது. ஆகவே, மாணவிகளே, தூரிகையை எடுங்கள். பெற்றோரே, அதை வாங்கிக் கொடுங்கள்.