டோடோவை நேரில் பார்த்தவர்கள்

ஃபர்வானியாவில் உங்க வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஏசி பெட்டி இருக்கும். அதன் மேல் புறா வந்து உட்காருவதைப் பார்த்திருக்கீங்களா? அந்தப் புறாவின் குடும்பத்தில் ஒரு பெரிய பறவை இருந்தது. அதன் பெயர் டோடோ.

டோடோ வான்கோழியைப் போலப் பெரியது. அதன் அலகு வளைந்திருக்கும். இறக்கை மிகச் சிறியது. அதனால் டோடோவால் பறக்க முடியாது.

டோடோ எங்கே வாழ்ந்தது? இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரீஷியஸ் தீவில் மட்டும்தான். இன்று அங்கே தமிழர்களும் வாழ்கிறார்கள். அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கிறது! ஆனால் அந்தக் காலத்தில் அங்கே மனிதர்கள் குடியிருக்கவில்லை. டோடோவை வேட்டையாடும் விலங்குகளும் இல்லை. அதனால் டோடோவுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது.

1598-ல் டச்சு மாலுமிகள் கப்பலில் வந்து இறங்கினார்கள். தாங்கள் பார்த்த பறவையைப் பற்றிக் குறிப்பு எழுதினார்கள், படமும் வரைந்தார்கள். அதைப் பிடித்துச் சமைத்தும் பார்த்தார்கள். கப்பல்களில் எலி, பன்றி, குரங்கு எல்லாம் வந்தன. டோடோ தரையில்தான் முட்டையிடும். அந்த முட்டைகளை அவை தின்றன. மனிதர்கள் காட்டையும் வெட்டினார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு? 1662-ல் ஒரு மாலுமி டோடோவைப் பார்த்ததாக எழுதினார். அதுவே கடைசிக் குறிப்பு என்று பலர் கருதுகிறார்கள். வெறும் 64 வருடம்தான்!

டோடோ இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. சூரத் நகரில் இரண்டு டோடோக்களைப் பார்த்ததாகப் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயப் பயணி எழுதினார். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் ஓவியர் மன்சூர் வரைந்ததாகச் சொல்லப்படும் ஒரு டோடோ படம் ரஷ்யாவில் இருக்கிறது.

ஐரோப்பாவில் பலர் டோடோவைப் பார்க்காமலே, பழைய படங்களைப் பார்த்து வரைந்தார்கள். அந்த டோடோக்கள் குண்டு குண்டாக இருக்கும்! மன்சூரின் படம் அப்படி இல்லை. உயிருள்ள டோடோ எப்படி இருந்தது என்று அறிய, அறிஞர்கள் இன்றும் அந்தப் படத்தைப் பார்க்கிறார்கள்.

உலகில் எங்குமே டோடோவின் முழு உடல் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஒரு தலையும் ஒரு காலும் இருக்கின்றன. மற்ற இடங்களில் எலும்புகள்தான். டோடோ எப்படி நடந்தது, என்ன நிறம் என்பதை எலும்பு முழுவதும் சொல்லாது. நேரில் பார்த்தவர்கள் எழுதியதும் வரைந்ததும்தான் சொல்லும். அவர்கள் எழுதாமல் விட்டது நமக்குத் தெரியவே தெரியாது.

சொற்பொருள்
அலகு – பறவையின் மூக்கு
மாலுமி – கப்பலில் வேலை செய்பவர்
குறிப்பு – பார்த்ததைச் சுருக்கமாக எழுதுவது

பேசுவோம் – எழுதுவோம்
பறக்கலை – பறக்கவில்லை
என்ன ஆச்சு? – என்ன ஆயிற்று?
பார்த்தாங்க – பார்த்தார்கள்

விடை சொல்லுங்க
1. டோடோ மனிதர்களைப் பார்த்து ஏன் ஓடவில்லை?
2. டோடோவின் முட்டைகளுக்கு என்ன ஆனது?
3. மன்சூரின் படம் ஏன் முக்கியமானது?

செய்து பாருங்க
ஒரு பறவையைப் பத்து நிமிடம் பாருங்க. தேதி, இடம், நிறம், அது செய்தது எல்லாவற்றையும் ஐந்து வரிகளில் எழுதுங்க. பார்த்ததை மட்டும் எழுதணும்!