உடைந்த சக்கரம்: இழப்பீடு தருவது யார்?

நுகர்வோர் பாதுகாப்புப் பாடத்தில் எடை, விலை, காலாவதித் தேதி ஆகியவற்றோடு நாம் நின்றுவிடுகிறோம். பழுதான பொருளால் ஒருவர் காயமடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி வகுப்பறைக்கு அரிதாகவே வருகிறது. அமெரிக்காவில் இதை அந்தந்த மாநிலச் சட்டமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அது வளர்ந்த வழியை மூன்று வழக்குகளைக் கொண்டு விளக்கலாம்.

நியூயார்க், 1916ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஓடிக்கொண்டிருந்த பியூக் காரின் மரச்சக்கரம் நொறுங்கி, ஓட்டியவர் தூக்கி எறியப்பட்டார். அவர் காரை வாங்கியது விற்பனையாளரிடம். சக்கரத்தைச் செய்ததோ வேறொரு நிறுவனம். தங்களுக்கும் அவருக்கும் ஒப்பந்தமே இல்லை என்றது கார் நிறுவனம். நீதிபதி கார்டோசோ அதை ஏற்கவில்லை. கவனக்குறைவாகச் செய்தால் ஆபத்து விளையும் பொருளைத் தயாரிப்பவர், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அதைப் பயன்படுத்துவோருக்குக் கடமைப்பட்டவர் என்றார். ஆனால் கவனக்குறைவைக் காயமடைந்தவரே நிரூபிக்க வேண்டும். தொழிற்சாலைக்குள் நடந்ததை வெளியிலிருப்பவர் எப்படி நிரூபிப்பார்? சிக்கலே இங்குதான்.

கலிபோர்னியாவில் உணவகப் பணிப்பெண் ஒருவரின் கையில் கோகோ கோலா புட்டி வெடித்த வழக்கில் 1944இல் தீர்ப்பு வந்தது. அவர் வென்றார். ஆயினும் நீதிபதி டிரேனர் தனித் தீர்ப்புரை எழுதி, கவனக்குறைவை நிரூபிக்கும் சுமையே கூடாது என்றார். அன்று அது அவருடைய கருத்து மட்டுமே. 1963இல் மரவேலை இயந்திரத்திலிருந்து கட்டை பறந்து ஒருவரின் நெற்றியில் தாக்கிய வழக்கில், அதுவே அந்நீதிமன்றத்தின் ஒருமித்த தீர்ப்பாயிற்று. எழுதியவரும் டிரேனரே! பொருளில் பழுது இருந்தது, அதனால் காயம் ஏற்பட்டது என்று காட்டினால் போதும் என்றாயிற்று. பெரும்பாலான மாநிலங்கள் இதைப் பின்பற்றின. வட கரோலினா ஏற்கவில்லை. வழக்குத் தொடுக்கும் காலக்கெடுவும் பொதுவாகக் கலிபோர்னியாவில் 2 ஆண்டு, நியூயார்க்கில் 3 ஆண்டு என வேறுபடும்.

நம் நாட்டிலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்புக்கெனத் தனி அத்தியாயம் உள்ளது. வகுப்பில் பிரஷர் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குக்கரில் மட்டும் விரிசல் இருந்தால் அது தயாரிப்புக் குறை. அந்த மாதிரி முழுவதுமே ஆபத்தானதாக இருந்தால் வடிவமைப்புக் குறை. எச்சரிக்கை அச்சிடாவிட்டால் அது மூன்றாவது வகை. இவற்றை மாணவர்கள் எளிதில் பிரித்துவிடுவர். பிறகு, பாதுகாப்பு வால்வை வீட்டுக்காரரே மாற்றியிருந்தால் என்ன செய்வது என்று கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அவருடைய தவறின் பங்குக்கேற்ப இழப்பீடு குறையும். எவ்வளவு குறைக்கலாம் என்பதை மாணவர்களே வாதிட்டு முடிவு செய்யட்டும்.