வீதிகளின் வகுப்பும் அமைப்பும்

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் 321 கிலோமீற்றர் நீளப் பெருவீதியை நம்மூரார் கண்டி வீதி என்பர். அரசாங்கப் பதிவேட்டிலே அதற்கு ஏ-9 என்று பெயர். அவ்வெழுத்தின் பொருளை அறிந்தோர் சிலரே. ஏ, பீ என்னும் இருவகுப்பு வீதிகளும் 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் தோன்றிய வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பில் உள்ளன. ஸீ, டீ வகுப்பினவற்றை மாகாண சபைகள் பேணுகின்றன. அவற்றினும் சிறிய ஒழுங்கைகள் உள்ளூராட்சி மன்றங்களைச் சார்ந்தன. எனவே எழுத்தானது, வீதி பழுதுற்றால் யாரிடம் முறையிடலாம் என்பதைச் செவ்வனே உரைக்கும். அவ்வீதியில் எவ்வேகத்திற் செல்லலாம் என்பதை உரைக்காது.

எந்திரவியலார் வீதியை அதன் தொழிலால் வகுப்பர். தூரத்து ஊர்களுக்குத் தடையின்றிச் செல்லவிடுதல் ஒரு தொழில். வீடு, கடை, பாடசாலை ஆகியவற்றின் வாயிலை அடையச் செய்தல் மற்றொன்று. முன்னதற்கு வேகம் வேண்டும். பின்னதற்கு வேகம் பகை. இருபுறமும் வேலியோ மதிலோ நெருங்கிய நம் ஒழுங்கை, திருப்பத்துக்கு அப்பால் வருவது தெரியாதபடியால், ஓட்டுவோனைத் தானே அடக்கிவிடுகிறது. ஏ-9இன் நிலை வேறு. கிளிநொச்சி நகரிலே கொழும்பு லொறியும் சைக்கிளிற் பாடசாலை செல்லும் பிள்ளையும் ஒரே வீதியைப் பகிர்கின்றனர். இரு தொழில்களையும் ஒரு வீதியின் தலையிற் சுமத்துவதே பெருங்குறை என்பது எமது கருத்து.

வீதி அமைக்கப் புகுவோர் முதலிலே வேகத்தைத் தீர்மானிப்பர்; ஏனையவை அதன்பின் வரும். வளைவை எடுத்துக்கொள்வோம். மணிக்குக் கிலோமீற்றரில் அளந்த வேகத்தின் வர்க்கத்தை, மீற்றரில் அளந்த ஆரையின் 127 மடங்கால் வகுக்க. வருவது, தளத்தின் குறுக்குச் சரிவும் பக்க உராய்வும் சேர்ந்து ஈடுசெய்யவேண்டிய அளவாகும். வேகம் 60, ஆரை 150 எனின், அது ஏறக்குறைய 0.19. உராய்வு 0.15 ஐத் தாங்குமெனக் கொண்டால் எஞ்சிய 0.04 ஐச் சரிவு தரவேண்டும். அதாவது 7 மீற்றர் அகலமான தளத்தின் வெளியோரம் உள்ளோரத்தினும் 28 சதமமீற்றர் உயர்ந்திருத்தல் வேண்டும்.

இனி, நிறுத்துந் தூரம். ஆபத்தைக் கண்டவன் பிறேக்கை மிதிக்குமுன் 2.5 செக்கன் கழியுமெனவும், தளத்தின் உராய்வுக் குணகம் 0.35 எனவும் கொள்க. 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஏறக்குறைய 63 மீற்றரில் நிற்கும். 70 எனின் 104 மீற்றர் வேண்டும். வேகம் இருபது கூட, தூரம் நாற்பதுக்கு மேல் கூடுகிறது. கடவையைக் கடக்கும் பிள்ளை அந்த நாற்பது மீற்றருக்குள்ளேயே அகப்படுகிறது.

மழைநீரையும் மறத்தலாகாது. தளம் நடுவில் உயர்ந்து இருமருங்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சரிந்திருத்தல் வேண்டும். வன்னியின் சமநிலத்தில் அது மட்டும் போதாது. வீதியே மாரிவெள்ளத்தை மறிக்கும் அணையாகிவிடுமாதலால் மதகுகள் தாராளமாக வேண்டும். மதகில் மிச்சம் பிடித்த காசு பின்னர் தளத்தைத் திருத்துவதிலே போய்விடும்.

தெற்கிலே இரு தொழில்களும் ஒருவாறு பிரிக்கப்பட்டன. காலி வீதி கரையோர ஊர்களுக்கு உரியதாய் நிற்க, 2011ஆம் ஆண்டு கொட்டாவையிலிருந்து காலிவரை திறக்கப்பட்ட ஈ வகுப்பு அதிவேக நெடுஞ்சாலை தூரப்பயணத்தை ஏற்றது. அதிலே நடப்போருக்கும் சைக்கிளுக்கும் இடமில்லை. வடக்கில் அத்தகைய துணைவீதி இல்லை. ஆதலால் ஏ-9 நகருக்குள் நுழையுமிடங்களில் தளத்தை ஒடுக்கி, உயர்த்திய கடவைகளும் நடைபாதையும் மிதிவண்டிக்குத் தனிவழியும் அமைத்து, அவ்விடத்தளவில் அதனை ஒழுங்கைபோல அடங்கச் செய்யவேண்டும். எந்திரவியல் பயில விரும்பும் மாணவர், தம் பாடசாலை வாயிலிலிருந்து இருபுறமும் எத்தனை மீற்றர் தடையின்றித் தெரிகிறதென வீதியோரமாக நாடாவால் அளந்து, மேற்கூறிய 63, 104 என்னும் எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராக.