மெதுவான வன்தட்டும் வேகமான பதுக்கு நினைவகமும்

க.பொ.த. (உயர்தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்

மாணவர்களே, பதிவகம், பதுக்கு நினைவகம், பிரதான நினைவகம், துணைச் சேமிப்பகம் என்னும் ஒழுங்கை நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். ஆனால் இவ்வொழுங்கு ஏன் என வினவினால் பலர் தடுமாறுகின்றனர். காரணத்தை விளங்கிக்கொண்டால் கணிப்பு வினாக்களும் இலகுவாகும்.

1. பிரச்சினை யாது?

நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு 60 ÷ 7200 செக்கன், அதாவது 8.33 மில்லிசெக்கன் எடுக்கும். தேவையான தரவு வாசிப்புத் தலையின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மி.செ. தேவை. தலை உரிய தடத்துக்கு நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 12 மி.செ. ஆகலாம். திண்ம நிலைச் செலுத்தியில் அசையும் பாகங்கள் இல்லை; 0.1 மி.செ. அளவில் தரவு கிடைக்கும். ஆயினும் ஒரே கொள்ளளவுக்கு அதன் விலை அதிகம்.

2. தீர்வு

பலசரக்குக் கடையை நினைத்துப் பாருங்கள். அடிக்கடி விற்கும் சீனியும் பருப்பும் முதலாளியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். எப்போதாவது கேட்கப்படும் பொருள் பின்னாலுள்ள களஞ்சியத்தில் இருக்கும். அதுபோல, அடிக்கடி வேண்டப்படும் தரவின் பிரதியைச் சிறிய திண்ம நிலைச் செலுத்தியில் வைத்து, முழுத் தரவையும் பெரிய வன்தட்டில் வைக்கலாம். இடம் நிரம்பினால், நெடுநேரம் பயன்படுத்தப்படாத பிரதி அகற்றப்படும்.

2007 இல் பொதுப் பாவனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவின் ரெடிபூஸ்ட் வசதி, பென் டிரைவை இவ்வாறு பயன்படுத்தியது. 2013 இல் லினக்ஸ் கருவகத்தின் 3.10 ஆம் பதிப்பில் பீகேஷ் சேர்க்கப்பட்டது.

3. சராசரி அணுகல் நேரம்

வேண்டிய தரவு பதுக்கு நினைவகத்தில் இருந்தால் அது 'ஹிட்', இல்லாவிடின் 'மிஸ்'. 100 கோரிக்கைகளில் 90 ஹிட் எனின்,

(0.9 × 0.1) + (0.1 × 12) = 0.09 + 1.2 = 1.29 மி.செ.

(மிஸ் ஏற்படும்போது பதுக்கு நினைவகத்தில் தேடும் நேரம் புறக்கணிக்கப்பட்டுள்ளது.)

12 மி.செ. உடன் ஒப்பிட்டால் இது ஒன்பது மடங்குக்கும் மேல் வேகமானது. இப்போது ஒரு கேள்வி: இன்னும் வேகமாக்க எதை மாற்றுவீர்கள்? திண்ம நிலைச் செலுத்தியின் வேகத்தை இரட்டித்தால் விடை 1.245 மி.செ. மட்டுமே. ஹிட் வீதத்தை 95% ஆக்கினாலோ 0.695 மி.செ. ஆகக் குறையும். எனவே நேரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மிஸ் வீதமே.

4. எழுதும்போது கவனம்!

கடனுக்குப் பொருள் கொடுக்கும் முதலாளி, துண்டிலும் கடன் கொப்பியிலும் உடனே எழுதினால் நேரம் எடுக்கும். ஆனால் கணக்குத் தவறாது. துண்டில் மட்டும் எழுதி, இரவில் கொப்பியில் பதிந்தால் வேலை விரைவாகும். இடையில் துண்டு தொலைந்தால் பணமும் போகும்.

• ஊடெழுதல்: பதுக்கு நினைவகத்திலும் வன்தட்டிலும் எழுதிய பின்னரே பணி முடியும். வேகம் குறைவு, பாதுகாப்பு அதிகம்.
• பின்னெழுதல்: முதலில் பதுக்கு நினைவகத்தில் மட்டும் எழுதப்படும், வன்தட்டுக்குப் பின்னர் செல்லும். வேகம் அதிகம். ஆனால் அதற்கிடையில் அச்செலுத்தி பழுதடைந்தால் புதிய தரவு அழிந்துவிடும்.

ரெடிபூஸ்டில் இருப்பது வன்தட்டிலுள்ள தரவின் பிரதியே. ஆகவே பென் டிரைவைக் கழற்றினாலும் தரவு இழக்கப்படுவதில்லை.

5. புள்ளிகள் இழக்கப்படும் இடங்கள்

• பதுக்கு நினைவகத்தைக் காப்புப் பிரதி என எழுதுதல் தவறு. அது வேகத்துக்கானது, காப்புப் பிரதியோ இழப்பிலிருந்து மீள்வதற்கானது.
• இரு கொள்ளளவுகளையும் கூட்டாதீர்கள். 1 டெராபைற்று வன்தட்டுக்கு 32 கிகாபைற்று பதுக்கு நினைவகம் சேர்த்தாலும், சேமிக்கக்கூடிய அளவு 1 டெராபைற்றே.
• 90% ஐ 0.9 என மாற்ற மறவாதீர்கள், அலகையும் எழுதுங்கள்.

பயிற்சி

வன்தட்டு 10 மி.செ., பதுக்கு நினைவகம் 0.2 மி.செ., ஹிட் வீதம் 80%. சராசரி அணுகல் நேரம் யாது? பாடசாலை நிதிக் கணக்குகளைப் பதியும் கணினிக்கு எந்த எழுதும் முறை உகந்தது?

விடை: (0.8 × 0.2) + (0.2 × 10) = 2.16 மி.செ. ஊடெழுதலே உகந்தது; ஏனெனில் இங்கு வேகத்தை விடப் பதிவு தொலையாதிருத்தலே முக்கியம். காரணத்தையும் எழுதினாலே விடை முழுமையாகும்.