நோய் கண்டு தேறியவரே துணை

இந்நாட்டின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ஆம் ஆண்டில், வேப்பம்பட்டுக்கு அண்மையிலுள்ள திரூரில் தோன்றிற்று என்பதை நம் அங்கத்தினர் பலர் அறிவர். கடன்பட்டோரின் துன்பத்தைக் கடன்பட்டோரே நன்குணர்வர். அத்தகையோர் ஒன்றுகூடி ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்பின் மீட்சி உண்டு என்பதே அதன் அடிப்படை. இத்தத்துவம் நோய்க்கும் பொருந்துமா என்பதை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம். நாம் எடுத்துக்கொள்வது, வீட்டார் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் கடுமையான மனநோயாகும்.

மனச்சிதைவு, இருமுனை மனநோய் முதலியவற்றால் துன்புறுவோர் ஏனையோரைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தற்கொலையே இதற்கு முழுக் காரணம் என எண்ணுதல் தவறு. பெரும்பாலோரின் உயிரைக் கவர்வன இருதய நோய், நீரிழிவு போன்ற உடல் நோய்களே. ஒலான்சபின், கிளோசபின் முதலிய மருந்துகள் மனத்தைத் தெளிவிக்கின்றன. ஆயினும் பசியையும் எடையையும் பெருக்குகின்றன. மயக்கத்தால் நடமாட்டம் குறைகிறது. புகைப் பழக்கமும் இவர்களிடையே மிகுதி. நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னாலும், ‘மனக்கோளாறு’ என்று பிறர் தள்ளிவிடுவதுண்டு.

இவ்வுடல் நோய்களைத் தடுக்க இயலுமா? இயலும். நீரிழிவு வரும் நிலையிலிருந்த 531 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து, சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் முடிவை வெளியிட்டனர். அறிவுரை பெறாதோரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுற்றனர்; நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டோரில் நூற்றுக்கு 39 பேரே உற்றனர். இவர்கள் மனநோயாளரல்லர், எனினும் உடலின் இயல்பு அனைவர்க்கும் ஒன்றே.

அறிவுரை கூறுதல் எளிது. அதன்படி நாள்தோறும் நடத்தலே அரிது. மருத்துவர் மாதமொரு முறை சில நிமிடங்களே காண்கிறார். வீட்டார் அடிக்கடி கூறின் அது கண்டிப்பாகத் தோன்றுகிறது. ஆனால், அதே நோயுற்று, அதே மாத்திரையை உண்டு, தேறி நிற்கும் ஒருவர் ‘வாருங்கள், நடப்போம்’ என்று அழைப்பாராயின் அச்சொல்லுக்கு வலிமை உண்டு. அவரையே ஈண்டுச் சக துணைவர் என்கிறோம்.

அமெரிக்காவில் இத்தகைய துணைவர் நடத்திய வாழ்க்கைமுறைப் பயிற்சி 314 பேரிடம் சோதிக்கப்பட்டு, முடிவு 2021இல் வெளியாயிற்று. எடைக் குறைவில், வழக்கமான கவனிப்பைவிடப் பெரும் ஏற்றம் ஒட்டுமொத்தமாகக் காணப்படவில்லை. இடத்துக்கு இடம் பலன் மாறுபட்டது. ஆகவே இஃது அற்புத மருந்தன்று. மறுபுறம், தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய இடங்களில் மனச்சிதைவுற்ற 282 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2014இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர் வீடு தேடிச் சென்று உதவியதால் நோயாளரின் செயலிழப்பு ஓரளவு குறைந்தது. அவர்கள் சக துணைவரல்லர். எனினும் மருத்துவரல்லாத ஒருவரின் இடைவிடா உறவு பயன் தருகிறது என்பதை அறிகிறோம்.

இனி, நம் சங்கங்கள் செய்யத்தக்கவை:

1. தேறிய ஒருவர் விரும்பி முன்வந்தால், நான்கைந்து பேருக்கு அவரைத் துணைவராக்குக. அவருக்குப் பயிற்சியும், உழைப்புக்கேற்ற ஊதியமும், அவர் தளரும்போது ஆதரவும் வேண்டும்.

2. காலையில் மருந்தின் மயக்கம் மிகுமாதலால் மாலை நடை நன்று. தறிக்குழியில் நெடுநேரம் அமர்வோர் இடையிடையே எழுந்து உலவுக.

3. சோற்றை அறவே நீக்க வேண்டா. அளவைக் குறைத்து, கீரையும் காய்கறியும் பயறும் கூட்டுக. நாளொன்றுக்கு எத்தனை தேநீர், எத்தனை கரண்டிச் சர்க்கரை என்று எண்ணுக.

4. மருந்து தொடங்கும்போதும், மூன்று மாதம் கழித்தும், பின்னர் ஆண்டுதோறும் எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதிப்பிக்க. துணைவர் உடன்சென்றால் அச்சம் குறையும்.

5. எடை கூடுகிறதென்று மருந்தைத் தாமே நிறுத்துதல் பேராபத்து. மாற்றுவது மருத்துவர் பொறுப்பு. புகையை விடும்போதும் அவரிடம் கூறுக. சில மருந்துகளின் அளவை அப்போது குறைக்க நேரும்.

6. நோயாளர் பெயர் கூட்டத்தில் வெளிப்படலாகாது. நோய் விவரம் மறைவாகக் காக்கப்படுதல் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் அளித்த உரிமை.

இடர்ப்பட்ட வேளையில் 14416 என்னும் அரசின் தொலைபேசி எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

படிப்பு வட்டத்தில் ஆராய இரு வினாக்கள்: மனநோயுற்ற அங்கத்தினர் சங்கத்துக்கு வருவதை நின்றபோது அவரைத் தேடிச் சென்றவர் யார்? தேறி மீண்டவருக்கு நாம் வேலையும் மதிப்பும் அளித்துள்ளோமா? முன்னவர்க்கு நாம் தேடும் துணை, பின்னவரிடமே இருத்தல் கூடும்.